சுன்ரு தேர்ந்தெடுத்த மடிக்கணினி

சுன்ரு குடை வாங்கப் போனால் அந்தக் கடைக்காரர் அன்று வேறு வியாபாரம் பார்க்க முடியாது. விரிப்பாள், மடிப்பாள், மறுபடி விரிப்பாள், கம்பியை வளைத்துப் பார்ப்பாள், வாசலுக்குப் போய் எதிர்காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நடையைக் கட்டுவாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். ஒரு ரப்பர் வாங்க அரை நாள் எடுத்துக்கொள்ளும் பெண் அவள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் தேர்ந்தெடுத்த பொருள் பாதியில் காலை வாரியதாகச் சரித்திரமே இல்லை. எங்கள் சான்சோங் வட்டாரத்தில் யார் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தாலும் முதலில் அவள் காதில் போட்டுவிடுவார்கள். அவள் வேலை பார்த்தது பல் மருத்துவமனையின் முன்மேசையில். அங்கே காத்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எந்த வாஷிங் மெஷின் நல்லது என்று அவளிடம் கேட்பார்கள். அவளும் அடுத்தவரை உள்ளே அனுப்ப மறந்து பதில் சொல்வாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஆ-கிம். கோயிலுக்கு எதிரே காகிதப் பொருள் கடை வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்தவர்களுக்கு எரித்து அனுப்புகிற வீடு, கார், கைபேசி, செருப்பு, பல்செட் வரை எல்லாம் காகிதத்தில் செய்து தருவேன். பொருள் சரியில்லை என்று பயன்படுத்தியவர் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அதனால் சுன்ருவுக்கு என் தொழில் மீது மரியாதை கிடையாது. "சோதிச்சுப் பார்க்க முடியாத சாமானை எப்படிடி விக்கறே?" என்று கேட்பாள்.

அவள் கணவர் போரோங். மேலே இருந்து பலகை விழுந்து பல் உடைந்து அவளுடைய மருத்துவமனைக்கு வந்தவர், பல்லைக் கட்டிக்கொண்டு போன கையோடு அவளையும் கட்டிக்கொண்டார். குழந்தை இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டதாக அவளே ஒரு முறை சொன்னாள், நானும் அதற்கு மேல் தோண்டவில்லை. அவர் வேலை கண்காட்சி அரங்குகளை வடிவமைப்பது. உணவுக் கண்காட்சி, இயந்திரக் கண்காட்சி, நாய் பூனைக் கண்காட்சி என்று நாங்காங் மண்டபத்திலும் தெற்கே காவ்ஸியுங் நகரத்திலும் வருடம் முழுக்க ஏதாவது நடக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் அரங்கு அரண்மனை மாதிரி இருக்க வேண்டும். மூன்று நாளில் பிரித்துப் போடப்போகிற அரண்மனை. சுவர், விளக்கு, மரத்தின் ரேகை, அதில் விழும் நிழல் வரை எல்லாவற்றையும் அவர் கணினியில் நிஜம் போலவே வரைந்து காட்டுவார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அந்த நிறுவனத்தின் முதலாளி வந்து நின்று, இந்தச் சுவர் நீலமாக இருந்தால் என்ன என்பார். போரோங் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் அவரிடம் இருந்தது செங்கல் மாதிரி ஒரு மடிக்கணினி. அதன் விசிறி முடி உலர்த்தும் கருவி போலக் கத்தும். மின்கம்பியைப் பிடுங்கினால் கப் நூடுல்ஸ் ஊறுவதற்குள் அணைந்துவிடும். சார்ஜரையும் சேர்த்துத் தூக்கினால் தோள்பட்டை இறங்கிப்போகும் என்பதால் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வருவார். ஏழு மணிக்கு வீடு. சாப்பாடு. பிறகு தரையில் படுத்துக்கொண்டு பேஸ்பால் பார்ப்பார். நடுவில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், கணினி இங்கே இல்லையே, காலையில் பார்க்கிறேன் என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார். கொஞ்சம் சோம்பேறி என்றுதான் நாங்களெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கண்காட்சிக்கு முந்தின நாள், ஒட்டுப்பலகைத் தூசி உள்ளே போய் அந்தச் செங்கல் வேலை நடக்கும் இடத்திலேயே உயிரை விட்டது. அவர் அலுவலக முதலாளி எல்லார் முன்னாலும் போரோங்கைப் பார்த்துக் கத்தினார். அன்று வீட்டுக்கு வந்து, புதுசு ஒன்று வாங்க வேண்டும் என்றார் சுன்ருவிடம். அவளுக்கு அது பண்டிகை வந்த மாதிரி.

இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குவாங்ஹுவா கணினிச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். விற்பனைக்காரர்கள் சொல்லும் எடையில் சார்ஜரைச் சேர்ப்பதில்லை என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் சமையலறைத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கடையில் அதை எடுத்து மேசையில் வைத்து, மடிக்கணினியையும் சார்ஜரையும் ஒன்றாக நிறுத்தாள். "அக்கா, இது காய்கறிக் கடை இல்ல" என்றான் அங்கே இருந்த இளைஞன். "தெரியும் தம்பி, அதான் தராசை நானே கொண்டாந்தேன்" என்றாள்.

மூடியின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தித் திரை கலங்குகிறதா என்று பார்ப்பாள். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கி உடம்பு வளைந்து கிரீச்சிடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். ஒரே விரலால் மூடியைத் திறந்தால் அடிப்பாகம் கூடவே எழுந்து வரக்கூடாது. திரையை வாசல் வெயிலில் காட்டி, போரோங்கின் மரவகை மாதிரி அட்டைகளைப் பக்கத்தில் பிடித்து, தேக்கு தேக்காகத் தெரிகிறதா என்று சரிபார்ப்பாள். பெரிய படங்களை ஓடவிட்டு, சூடு ஏறும்போது விசைப்பலகை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள், காய்ச்சல் பார்க்கிற அம்மா மாதிரி. தூசி புகாத அடிப்பாகம், பின்னால் கூட்டிக்கொள்ளக்கூடிய நினைவகம், ஒரு நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி. இத்தனையும் இருந்து எடையும் குறைவாக இருக்க வேண்டும். போரோங் எங்களுக்குப் பின்னால் குச்சியில் குத்திய மீன் உருண்டையைத் தின்றுகொண்டு நிற்பார். அவருக்கு எது பிடித்திருக்கிறது என்று விற்பனைக்காரன் கேட்டால், வீட்டம்மாவைக் கேளுங்கள் என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

கடைசியில் ஒன்றைப் பிடித்தாள். கருநிறம், மெலிசு. எனக்கே ஆசையாக இருந்தது. விலையைக் கேட்டதும் ஆசை போய்விட்டது. சுன்ரு தன் சேமிப்பிலிருந்து எடுத்து, பிறந்தநாளுக்கு என்று சொல்லி அதை அவருக்குக் கொடுத்தாள். போரோங் அதைக் கையில் வாங்கி, தோஃபு டப்பா அளவுகூடக் கனக்கவில்லையே என்றார்.

கனக்கவில்லை என்பதால் அது அவர் போகிற இடத்துக்கெல்லாம் போனது. முதலில் வீட்டுக்கு வந்தது. பிறகு சாப்பாட்டு மேசைக்கு. பேஸ்பால் ஓடும், அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். கணினி இங்கே இல்லையே என்று இனிமேல் யாரிடமும் சொல்ல முடியாது. அது கையிலேயே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் அண்ணன் மகள் கல்யாண விருந்தில், மேசையில் மீன் வந்து இறங்கும்போது இவர் மடியில் ஒரு அரங்கின் கூரையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கல்லறை சுத்தம் செய்யும் நாளில் மலைக்குப் போய், அப்பாவின் கல்லறைத் திண்டிலேயே அதைத் திறந்துவைத்து ஒரு பிஸ்கட் கம்பெனிக்குச் சுவரின் நிறத்தை மாற்றினார். அவர் அம்மா அதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னார், என் மகன் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்று.

சுன்ருவும் பெருமைப்பட்டாள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு மழை நாளில் போரோங் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தார். பை போய்ச் சாலையோரக் கல்லில் மோதியது. வீட்டுக்கு வந்ததும் சுன்ரு முதலில் கணினியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகுதான் அவர் முழங்காலைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை என்று மறுநாள் எல்லாரிடமும் சொன்னாள். முழங்காலை அல்ல, கணினியை. நானும் பார்த்து வாங்கியிருக்கிறாளே என்று மெச்சிக்கொண்டேன்.

பெய்தோவுக்கு வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். போரோங் காலை மட்டும் நீரில் விட்டுக்கொண்டு வேலை செய்தார். ஒரு கட்டத்தில் மடிக்கணினியை இரண்டு கையாலும் தண்ணீருக்கு மேலே நீட்டி, "போட்டுடட்டுமா?" என்றார் சுன்ருவைப் பார்த்து. அவள் பாய்ந்து பிடுங்கி, கை வழுக்கினால் என்ன ஆவது, விளையாட்டுக்கு ஒரு அளவில்லையா என்று திட்டினாள். அவர் சிரித்தார். "சும்மா சொன்னேன். நீ பார்த்து வாங்கினதாச்சே, தண்ணியில விழுந்தாலும் இது சாகாது." நாங்களும் சிரித்தோம்.

போரோங்கின் உயிர் போனது அதிவேக ரயிலில், காவ்ஸியுங் கண்காட்சிக்குப் போகும் வழியில். கடைசி நிலையத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பெட்டியைத் துடைக்க வந்த பெண் அவரை எழுப்பப் பார்த்தாள். இதயம் என்றார் மருத்துவர். நாற்பத்தேழு வயது. இருக்கைக்கு முன்னால் இருந்த மடக்குப் பலகையில் மடிக்கணினி திறந்தபடியே இருந்தது, அணையவில்லை. பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதைப் பையில் போட்டு சுன்ருவின் கையில் கொடுத்தார்கள். அவள் திறந்தாள். திரையில் சுவர் பாதி நீலமாகி நின்றிருந்தது. ஓரத்தில், முடிந்துவிட்டதா என்று வாடிக்கையாளரின் செய்தி. அவர் இறந்துவிட்டார் என்று சுன்ரு தட்டி அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து ஆழ்ந்த அனுதாபம் வந்தது. அதற்குக் கீழேயே, அந்த வரைபடத்தை மட்டும் அனுப்பிவைக்க முடியுமா என்றும் வந்தது. அவள் அனுப்பிவைத்தாள். அதைச் செய்திருக்கக்கூடாது என்று எனக்கு இப்போதும் கோபம், அவள் மேல் பாதி, அந்த ஆள் மேல் பாதி.

ஈமச் சடங்குகளில் அவள் அழவில்லை. வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுக்கிற மாதிரி எல்லாரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறந்த நூறாம் நாள் சடங்கு நெருங்கும்போது போரோங்கின் அம்மா என் கடைக்கு வந்தார். மகன் கனவில் வந்ததாகவும், சமையலறை வாசலில் நின்று வாயைத் திறந்தவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டதாகவும் சொன்னார். ஏதோ குறை இருக்கிறது. வீடு எரித்தாயிற்று, கார் எரித்தாயிற்று, பேஸ்பால் பார்க்க டிவிகூட எரித்தாயிற்று. விட்டுப்போனது கணினி மட்டும்தான். அது இல்லாமல் அவன் எப்படி இருப்பான்? இருப்பதிலேயே உசத்தியானதைச் செய்துவை, சுன்ரு வந்து பார்த்து எடுப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார். தேர்ந்தெடுக்கிற வேலை என்றால் அது சுன்ருவுடையது, அதில் மாமியாருக்குக்கூட மறுபேச்சு கிடையாது.

சுன்ரு வந்தாள். நான் என் வழக்கப்படி கடை விரித்தேன். "இது இலேசு, வெள்ளிக் கலர். இது இந்தக் காலத்துப் பசங்க கேக்கறது, கீபோர்டு வண்ண வண்ணமா எரியும். சார்ஜர், மவுஸ், பை எல்லாம் சேர்த்துத்தான்டி. உத்தரவாதச் சீட்டுகூட வெச்சிருக்கேன், எங்க போய் மாத்துவாங்களோ தெரியாது."

அவள் வெள்ளிக் கலரை எடுத்தாள். பழக்க தோஷம், மூடியைத் திறந்தாள், மூடினாள், திருப்பினாள், முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். காகிதம்தானே, விரல் மறுபக்கம் வந்துவிட்டது. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, சடங்கில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். நான் கதவைப் பாதி இறக்கினேன்.

"இதுவும் இலேசா இருக்கு ஆ-கிம்" என்றாள். "இலேசா இருந்ததாலதான்டி அவரு போனாரு. நான்தான் கொன்னுட்டேன்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. துக்கத்தில் இருப்பவர்கள் இப்படிப் பேசினால் மறுத்துப் பேச வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது, நானும் பேசினேன். இதயம் அடைத்ததற்கு நீ என்ன செய்வாய், அவர் அப்பாவும் இதயத்தால் போனவர்தானே என்றேன். அவர் அப்பா ஓய்வு பெற்று, மீன் பிடித்து, மகன்களோடு சண்டை போட்டு, எல்லாம் முடித்துவிட்டுப் போனார் என்றாள். பழைய செங்கல்லே இருந்திருந்தால் மாதத்துக்கு ஒரு தடவை கெட்டிருக்கும், அந்த ஒரு நாளாவது அவர் படுத்திருப்பார் என்றாள். எந்தக் கடையிலும் இல்லாத மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்தேனே, அது கெடவே இல்லையே, இன்றைக்கும் அலமாரியில் நன்றாக ஓடுகிறதே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வெந்நீர்க் குளத்தைச் சொன்னாள். முழங்காலைச் சொன்னாள். குளத்தில் நானும்தான் சிரித்தேன்.

கொஞ்சம் அடங்கியதும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எனக்கு ஒன்னு செஞ்சு குடு. கனமா இருக்கணும். பேட்டரி தாங்கக்கூடாது. சீக்கிரமே கெட்டுப்போகணும்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. என் கடைக்கென்று ஒரு பேர் இருக்கிறது என்றேன். அவள் ஸ்டூலை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சரி என்று ஆரம்பித்தேன். தடித்த அட்டையில் பெட்டி செய்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்தேன். இன்னும் தடிமனாக என்றாள். மூடியைப் பசை குறைத்து ஒட்டினேன். பக்கத்திலேயே உட்கார்ந்து திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். ஏழெட்டுத் தடவையில் மூடி கையோடு வந்ததும் சரி, இதே மாதிரி என்றாள். குவாங்ஹுவாவில் இரண்டு மாதம் காட்டிய அதே அக்கறை. வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள், "நூறாம் நாள் அன்னிக்கு அவருகிட்ட ஒன்னு கேக்கணும். என் மேல கோபமான்னு. அது தெரிஞ்சா போதும், வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

எங்கள் வழக்கத்தில் இறந்தவரிடம் கேட்பதற்கு இரண்டு காசு போதும். கேள்வியைச் சொல்லிக் காசுகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ என்றால் ஆமாம். இரண்டும் பூ என்றால் இல்லை. இரண்டும் தலை என்றால் அவர் சிரிக்கிறார், கேள்வியை மாற்றிக் கேள் என்று அர்த்தம்.

நூறாம் நாள் காலை சுன்ருவின் மாமியார் வீட்டுக்குப் போனேன். வழிபாட்டு மேடையில் போரோங்கின் பெயர் எழுதி வைத்த பெயர்ப்பலகைக்கு முன்னால் மூங்கில் குருத்து போட்டு வேகவைத்த பன்றிக்கறி, வறுத்த மீன், கொய்யா, ஒரு பாட்டில் பீர். பெற்றவள் பிள்ளையை வணங்கக்கூடாது என்பதால் மாமியார் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊதுபத்தி பிடிப்பதும் காசு போடுவதும் சுன்ருவின் பொறுப்பு. நான் இரண்டு கணினியையும் கொண்டுபோயிருந்தேன், மாமியார் கேட்டபடி புதிதாகச் செய்த வெள்ளிக் கலரையும் சுன்ரு செய்யச் சொன்னதையும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று.

மாட்டிக்கொண்டேன். மாமியார் அந்தத் தடித்த பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "என்னது இது, செங்கல்லா? என் புள்ள அங்கேயும் இதைச் சுமக்கணுமா?" என்றார் என்னிடம். நான் சுன்ருவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நான்தான் அத்தை செய்யச் சொன்னேன் என்றாள், காரணம் சொல்லவில்லை. மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது தங்கத்தில் இழைத்த மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்தாய், செத்தவனுக்கு என்றால் குப்பையா என்று கேட்டார். சுன்ரு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் குறுக்கே புகுந்து, நாமே ஏன் அடித்துக்கொள்ள வேண்டும், பயன்படுத்தப்போகிறவரையே கேட்டுவிடலாம் என்றேன்.

சுன்ரு மண்டியிட்டாள். வெள்ளிக் கலர் வேண்டுமா என்று கேட்டுக் காசைப் போட்டாள். இரண்டும் பூ. பேரையும் வீட்டு முகவரியையும் சொல்லி ஒழுங்காகக் கேள் என்றார் மாமியார். கேட்டாள். இரண்டும் பூ. சார்ஜர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பானோ என்று மாமியாருக்குச் சந்தேகம், அதைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கிக் காட்டினேன். இல்லை என்றே வந்தது.

மாமியார் வேண்டாவெறுப்பாக அந்தச் செங்கல்லைக் கையால் காட்டினார். சுன்ரு கேட்டாள். இரண்டும் தலை. மறுபடி போட்டாள், மறுபடி இரண்டும் தலை.

"சிரிக்கிறான் பாரு" என்றார் மாமியார், கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சுன்ருவின் உதடு கோணி, உடனே நேரானது.

பிறகு மாமியார் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். திரை பெரிதாக வேண்டுமா, வேறு நிறுவனமா, மேசைமேல் வைக்கிற பெரிய கணினியா, வரைகிற பேனாவா? சுன்ரு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பூ, பூ. பன்றிக்கறியில் கொழுப்பு உறைய ஆரம்பித்தது. கேட்கச் சொல்வதற்கு மாமியாரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. ஊதுபத்தி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது, அது முடிவதற்குள் கேட்டாக வேண்டும் என்று என்னைப் பார்த்தார். என் கடையிலும் அதற்கு மேல் எதுவும் இல்லை.

சுன்ரு காசுகளை எடுத்து இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு வேலையே வேண்டாமா?"

ஒன்று தலை, ஒன்று பூ.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மூன்று தடவை வர வேண்டும் என்றார் மாமியார். சுன்ரு மறுபடி போட்டாள். தலை, பூ. மறுபடி போட்டாள். அதுவே. தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். வேறு யார் வீட்டிலாவது பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"இதை நான் ஒரு தடவைகூடக் கேக்கலையே அத்தை" என்றாள் சுன்ரு. "எத்தனை இஞ்ச் வேணும்னு கேட்டேன். கலர் சரியா தெரியுதான்னு கேட்டேன். கை வலிக்குதான்னுகூடக் கேட்டேன். இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

சுன்ரு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காசுகளை மறுபடி பொறுக்கினாள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் வந்துவிட்டால் அவளுக்கு ஒரு வழி பிறக்கும் என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். உதடு அசைந்தது, கோபமா என்கிற சொல் வரைக்கும் வந்தது.

மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். மகன் முன்னால் மண்டியிடக்கூடாதே, அதனால் சப்பணம் போட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காசோடு சேர்த்து அவள் கையை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா."

"ஒரே ஒரு கேள்விதான் அத்தை."

"நீ கேட்டா அவன் வந்து பதில் சொல்லித்தான் ஆவான். முடியாதுன்னு சொல்லத் தெரியாது அவனுக்கு. நான் அப்படித்தான் வளர்த்தேன்." மாமியார் பெயர்ப்பலகையைப் பார்க்காமல், சுன்ருவின் கையையே பார்த்துக்கொண்டு பேசினார். "வேலை வேண்டாம்னு இப்பத்தானே சொன்னான். அவனை இனிமே எதுக்கும் கூப்பிட வேண்டாம்."

"அப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமயே இரு" என்றார் மாமியார். "நானும் அப்படித்தான் இருக்கப்போறேன்."

சுன்ரு கொஞ்ச நேரம் கையை இறுக்கியே வைத்திருந்தாள். பிறகு விரல்களைப் பிரித்து, இரண்டு காசையும் அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.